மகரந்தத்தில் ஆர்என்ஏ பிணைப்புப் புரதங்கள்: ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மகரந்த ஆய்வில் புதிதாகச் சேர்கிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மரபணுவின் பெயரும் ஒரு சின்ன உறை விதையும்தான். "இது ஆர்என்ஏவோடு பிணையும் புரதம். இது பழுதான செடியில் காய் சரியாகப் பிடிப்பதில்லை. ஏன் என்று பார்" என்று சொல்லிவிடுவார்கள். உடனே எல்லோரும் ஓடுவது, செல்லில் உள்ள ஆர்என்ஏக்களையெல்லாம் ஒரே தடவையில் படித்து எண்ணும் ஆர்என்ஏ-சீக் பக்கம். என்னைக் கேட்டால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். கோளாறு தாய்ச்செடியின் திசுவிலா, மகரந்தத்துக்குள்ளேயா? எந்தக் கட்டத்தில்? எந்தச் செல்லில்? மூன்றையும் ஒரு நுண்ணோக்கி, ஒரு கூர்மையான இடுக்கி, உட்கார்ந்து எண்ணும் பொறுமை ஆகியவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் செடி அரபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னக் களைச்செடி. நெல்லையும் புகையிலையையும் தேவைப்படும் இடத்தில் தொட்டுக்கொள்வோம்.

முதலில் கட்டங்களை மனத்தில் பதியுங்கள்

மகரந்தப்பைக்குள் ஒரு தாய்செல் மியாசிஸ் என்ற குன்றல் பகுப்படைந்து நான்கு நுண்வித்துகளாகிறது. நான்கும் கேலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளாலான உறைக்குள் ஒட்டிக் கிடக்கும். சுற்றியுள்ள டபீட்டம் அடுக்கு சுரக்கும் நொதி அந்த உறையைக் கரைத்ததும் தனித்தனியாகப் பிரியும். பிறகு ஒவ்வொரு நுண்வித்தும் சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது. பெரியது உடல செல், அதற்குள்ளே மாட்டிக்கொண்ட சிறியது உற்பத்தி செல். உற்பத்தி செல் இன்னொரு முறை பிரிந்து இரண்டு விந்து செல்களைத் தருகிறது. அரபிடாப்சிஸிலும் நெல்லிலும் இந்தக் கடைசிப் பகுப்பு மகரந்தப்பைக்குள்ளேயே முடிந்துவிடும். புகையிலை, தக்காளி, லில்லி போன்றவற்றில் மகரந்தக் குழாய் வளரும்போதுதான் நடக்கும்.

சூலகமுடியில் விழுந்த மகரந்தம் நீரை உறிஞ்சிக் குழாய் விடுகிறது. குழாய் சூலைத் தேடிப் போய் இரண்டு விந்து செல்களையும் இறக்குகிறது. ஒன்று அண்ட செல்லோடும் மற்றது மைய செல்லோடும் சேர்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் லில்லிக் குடும்பச் செடிகளில் முதலில் கண்டவர் செர்கேய் நவாஷின்.

சரி, இதில் ஆர்என்ஏ பிணைப்புப் புரதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வெளியூர் கிளம்புகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது போல, முதிர்ந்த மகரந்தம் தனக்குப் பின்னால் தேவைப்படும் எம்ஆர்என்ஏக்களை (புரதம் செய்வதற்கான செய்தி நகல்களை) முன்கூட்டியே எழுதி, புரதங்களோடு சேர்த்துப் பொதிந்து வைத்துக்கொள்கிறது. புகையிலை மகரந்தத்தில் படியெடுப்பை (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதுவதை) ஆக்டினோமைசின்-டி கொண்டு நிறுத்தினாலும் முளைப்பும் ஆரம்ப வளர்ச்சியும் நடக்கும். சைக்ளோஹெக்சிமைடு கொண்டு புரத உற்பத்தியை நிறுத்தினால் வளர்ச்சி நின்றுவிடும். புகையிலையின் என்டிபி303 என்ற எம்ஆர்என்ஏ நல்ல எடுத்துக்காட்டு. மகரந்தம் முதிரும்போதே ஏராளமாகச் சேர்ந்துவிடுகிறது, ஆனால் அதிலிருந்து பெருமளவு புரதம் வருவது குழாய் வளரும்போதுதான். பிராகாவில் உள்ள ஆய்வுக் குழு இப்படிப்பட்ட சேமிப்பு எம்ஆர்என்ஏக்கள் புரதங்களோடு சேர்ந்து கனமான துகள்களாக இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறது.

ஆகவே மகரந்தத்தில் எம்ஆர்என்ஏ அளவை மட்டும் அளந்துவிட்டு 'இந்த மரபணு இப்போது வேலை செய்கிறது' என்று சொல்ல முடியாது. அந்த எம்ஆர்என்ஏவை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

உங்கள் புரதம் எந்த வகை என்று பாருங்கள்

அரபிடாப்சிஸில் ஆர்ஆர்எம் என்ற ஆர்என்ஏ அறியும் பகுதி உள்ள புரதங்கள் 196 என்றும், கேஎச் என்ற இன்னொரு பிணைப்புப் பகுதி உள்ளவை 26 என்றும் 2002இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. இவற்றைத் தவிர மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் போய் அங்குள்ள ஆர்என்ஏவைக் கவனிக்கும் பிபிஆர் புரதங்கள் சுமார் 450. வகை தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்தது மாதிரி.

மியாசிஸ் முடிவில் கோளாறு என்றால் எஸ்எம்ஜி7, டிடிஎம்1 ஆகிய புரதங்களைப் பற்றிப் படியுங்கள். டிடிஎம்1 இல்லாவிட்டால் இரண்டாம் பகுப்போடு நிற்காமல் செல் மூன்றாவதாகவும் பிரியப் பார்க்கும். 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் சூட்சுமத்தைக் காட்டியது. எஸ்எம்ஜி7 உதவியோடு டிடிஎம்1 ஆர்என்ஏ-புரதத் துகள்களுக்குள் போய், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் காரணியையும் அங்கே இழுத்து அடைக்கிறது. அந்த நேரத்தில் புரத உற்பத்தி அடங்குவதால்தான் மியாசிஸ் முடிவுக்கு வருகிறது.

பிபிஆர் புரதம் என்றால் பயிர் வளர்ப்போடு நேரடித் தொடர்பு. வீரிய ஒட்டு நெல்லின் அடிப்படையே இதுதான். ஆண் மலட்டு வரிசையின் மைட்டோகாண்ட்ரியாவில் மகரந்தத்தைக் கெடுக்கும் ஒரு கோணல் மரபணு இருக்கும். வளம் மீட்கும் வரிசையிலிருந்து வரும் பிபிஆர் புரதம் அந்தக் கோணல் ஆர்என்ஏவை அடக்கிவிடும், நெல் மணி பிடிக்கும். போரோ வகை மலட்டுத்தன்மையில் ஆர்எஃப்1ஏ அந்த ஆர்என்ஏவை வெட்டுகிறது, ஆர்எஃப்1பி அதைச் சிதைக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.ஆர்.எச்.3, கோ.ஆர்.எச்.4 உட்பட நம் நாட்டு வீரிய ஒட்டு நெல்களில் பெரும்பாலானவை காட்டு நெல்லிலிருந்து வந்த 'டபிள்யூஏ' வகையைச் சார்ந்தவை. அதில் டபிள்யூஏ352 என்ற நச்சுப் புரதம் டபீட்டத்தை அகாலமாகச் சாகடிக்கிறது. ஆர்எஃப்4 என்ற பிபிஆர் புரதம் அதன் ஆர்என்ஏ அளவைக் குறைக்கிறது. முள்ளங்கியில் 1968இல் ஒகுரா கண்டுபிடித்த மலட்டுத்தன்மையில் கதை வேறு. அங்கே மீட்புப் புரதம் ஆர்என்ஏவை அழிப்பதில்லை, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, புரதம் செய்யும் ரைபோசோமை நகரவிடாமல் தடுக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஹாங்லியான் வகை நெல்லில் ஆர்எஃப்5 என்ற பிபிஆர் புரதம் வளத்தை மீட்கிறது, ஆனால் அது இலக்கு ஆர்என்ஏவைத் தானாகப் பிடிப்பதில்லை. கிளைசின் நிறைந்த ஜிஆர்பி162 என்ற கூட்டாளிதான் பிடிக்கிறது. இத்தனைக்கும் ஆர்எஃப்5 என்பது மேலே சொன்ன ஆர்எஃப்1ஏ மரபணுவேதான். புரத வரிசையில் பிணைப்புப் பகுதி இருக்கிறது என்பதாலேயே அது உங்கள் ஆர்என்ஏவைப் பிடிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மரபணு ஸ்ப்லைசிங் (ஆர்என்ஏவில் வேண்டாத துண்டுகளை நீக்கி மிச்சத்தை ஒட்டும்) வேலையில் உள்ள பொதுக் காரணி என்றால் கொஞ்சம் நிதானம் தேவை. அது இல்லாமல் எந்தச் செல்லும் பிழைக்காது, எனவே மகரந்தம் சாவதில் பெரிய செய்தி இல்லை. ஆனாலும் சில நேரம் ஆச்சரியம் கிடைக்கும். லாக்கெசிஸ் என்ற ஸ்ப்லைசிங் காரணி குறைந்தால் பெண் பக்கத்தில் அண்ட செல்லுக்கு அருகில் இருக்கும் செல்களும் அண்ட செல் வேடம் போட ஆரம்பிக்கின்றன.

விதை வந்ததும்

செடியை 22 டிகிரி செல்சியஸ், 16 மணி நேர வெளிச்சத்தில் வளருங்கள். பூக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் பிசிஆர் ப்ரைமர்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். மரபணுவுக்குள் அந்நிய டிஎன்ஏவைச் செருகிப் பழுதாக்கிய சால்க் வரிசைகளில், அந்தச் செருகலோடு வரும் கனமைசின் எதிர்ப்பு அடிக்கடி அடங்கிப் போய்விடும், தட்டில் செடி செத்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. எப்போதும் பிசிஆர்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் குவார்டெட் பின்னணியில் உள்ள செயில் என்ற செருகல் வரிசையைக் கேளுங்கள். குவார்டெட் செடியில் மியாசிஸில் பிறந்த நான்கு மகரந்தங்களும் கடைசிவரை பிரியாமல் ஒட்டியே இருக்கும். போதாக்குறைக்கு, அந்தச் செயில் செருகலுக்குள்ளேயே மகரந்தத்தில் மட்டும் நீலம் காட்டும் லாட்52-கஸ் அடையாளம் இருக்கிறது. ஒரு பிரதியில் மட்டும் செருகல் உள்ள செடியின் பூவைச் சாயமிட்டால் நான்கில் இரண்டு நீலமாகும். நீலமானவை பழுதானவை, மற்ற இரண்டும் அதே பையில் அதே நிமிடம் பிறந்த நல்ல உடன்பிறப்புகள். இதைவிட நேர்மையான ஒப்பீடு எந்தச் சோதனையிலும் கிடைக்காது.

பாதி மகரந்தம் சுருங்கிக் கிடக்கிறது என்று கண்டதும் மகிழ்ச்சியில் குதிக்க வேண்டாம். செருகலின்போது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தாலும் பாதி மகரந்தம் சாகும். அடையாளம் காண்பது எளிது. இடமாற்றம் என்றால் சூல்களிலும் பாதி செத்திருக்கும். மேலும் குவார்டெட்டில் நான்கும் நன்றாக, இரண்டு மட்டும் நன்றாக, நான்கும் மோசமாக என்று மூன்று மாதிரியும் கலந்து வரும். ஒரே மரபணுவின் பழுது என்றால் இரண்டுக்கு இரண்டைத் தாண்டாது. எப்படியும் இன்னொரு செருகல் வரிசையிலும் அதே குறை வந்தாக வேண்டும்.

எண்ணுங்கள்

ஒரு பிரதி பழுதான செடியைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, நாற்றுகளைப் பிசிஆர் செய்யுங்கள். ஒரு பிரதி உள்ளவையும் செருகலே இல்லாதவையும் 2:1 என்று வந்து இரண்டு பிரதி பழுதானவை வராவிட்டால் கரு சாகிறது என்று சந்தேகப்படலாம். 1:1 பக்கம் சாய்ந்தால் மகரந்தமோ, சூலுக்குள் அண்ட செல்லைத் தாங்கும் கருப்பையோ ஒரு பக்கம் அடிவாங்குகிறது. இரண்டு பிரதி பழுதான செடி நன்றாக வளர்ந்து, அதன் எல்லா மகரந்தமும் கெட்டு, ஒரு பிரதி செடியில் எதுவுமே கெடவில்லை என்றால் டபீட்டம் போன்ற தாய்த் திசுவைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதற்கு இருவழிக் கலப்பு. இதழின் வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும், ஆனால் மகரந்தப்பை வெடிக்காத மொட்டைத் தேர்ந்தெடுத்து, ஆறு மகரந்தத் தாள்களையும் நீக்குங்கள். ஓரிரு நாள் கழித்து மகரந்தத்தைத் தடவுங்கள். ஒரு தடவை பழுதான செடி அப்பா, நல்ல செடி அம்மா. அடுத்த தடவை மாற்றி.

கணக்கு இப்படி. பழுதான செடி அப்பாவாக இருந்து 200 நாற்று வந்து, அதில் 60இல் செருகல் இருக்கிறது, 140இல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கடத்தும் திறன் என்பது 60ஐ 140ஆல் வகுத்து நூறால் பெருக்கியது, சுமார் 43%. கை-வர்க்கச் (chi-square) சோதனையில் 100:100 எதிர்பார்ப்புக்கு 32 வருகிறது. 5% அளவில் எல்லை 3.84தான், ஆகவே இது தற்செயல் இல்லை. அம்மாவாக இருந்தபோது 100%க்கு அருகில் வந்தால் கோளாறு ஆண் பக்கம் மட்டும்.

இன்னொரு சின்ன உத்தி. கலப்பில் வந்த காயை மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டித் தனித்தனியாக எண்ணுங்கள். குழாய் மெதுவாக வளரும் மகரந்தத்தின் விதைகள் சூலகமுடிக்குப் பக்கத்தில், மேல் பாதியில் குவியும். மகரந்தத்தை மிகக் குறைவாகத் தடவினால் போட்டி குறைந்து கடத்தும் திறன் ஏறும். அப்படி ஏறினால் உங்கள் மகரந்தம் செத்ததல்ல, மந்தமானது.

பாருங்கள்

அலெக்சாண்டர் சாயத்தில் உயிர்ச்சத்துள்ள மகரந்தம் கருஞ்சிவப்பாகவும், வெறும் கூடானது பச்சையாகவும் தெரியும். பழைய கலவையில் பீனாலும் குளோரால் ஹைட்ரேட்டும் உண்டு, கையுறை போடுங்கள். சிவப்பாக இருப்பதால் முளைக்கும் என்று அர்த்தமில்லை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டாபி சாயத்தில் முதிர்ந்த அரபிடாப்சிஸ் மகரந்தத்தில் இரண்டு இறுக்கமான பிரகாசப் புள்ளிகளும், ஒரு மங்கலான பெரிய உட்கருவும் தெரிய வேண்டும். புள்ளி ஒன்றுதான் என்றால் இரண்டாம் பகுப்பு நடக்கவில்லை. மொட்டுகளை அளவு வாரியாக வரிசையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பார்த்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

முளைப்புச் சோதனையில்தான் புதியவர்கள் அதிகம் நொந்துபோகிறார்கள். கை பழகுவதற்கு நித்தியகல்யாணியில் தொடங்குங்கள். பூவின் குழலை ஊசியால் கிழித்தால் உள்ளே மகரந்தப்பைகள் இருக்கும். 10% சர்க்கரைக் கரைசல் ஒரு துளியில் உதிர்த்துவிட்டு 15 முதல் 30 நிமிடத்தில் பார்த்தால் குழாய் நீண்டிருக்கும். பள்ளிப் பாடத்திலேயே வரும் சோதனைதான், ஆனால் கண் பழகுவதற்கு இதுவே போதும். பொதுவான ஊடகம் வேண்டுமானால் 1963இல் ப்ரூபேக்கரும் க்வாக்கும் தந்தது இன்றும் ஓடுகிறது. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, 300 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட், 200 மில்லிகிராம் மெக்னீசியம் சல்ஃபேட், பொட்டாசியம் நைட்ரேட்டும் போரிக் அமிலமும் தலா 100 மில்லிகிராம்.

அரபிடாப்சிஸ் இவ்வளவு சமத்து இல்லை. 10% சர்க்கரை, 0.01% போரிக் அமிலம், கால்சியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் தலா 5 மில்லிமோலார், மெக்னீசியம் சல்ஃபேட் 1 மில்லிமோலார், பிஎச் 7.5, கெட்டியாக்க அகரோஸ். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் நன்றாக முளைக்கும், மறுநாள் காலை வாரும். அன்று திறந்த பூவையே எடுங்கள், மகரந்தத்தை நெருக்கமாகப் பரப்புங்கள், தட்டில் ஈரம் காயவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல செடியும் பழுதான செடியும் ஒரே தட்டில், ஒரே நாளில் இருக்க வேண்டும். நேற்றைய நல்ல செடியோடு இன்றைய பழுதானதை ஒப்பிட்ட படம் எதற்கும் உதவாது.

கடைசியாக அனிலின் நீலம். மகரந்தம் தடவி ஒரு நாள் கழித்து சூலகத்தை நிலைப்படுத்தி, சோடியம் ஹைட்ராக்சைடில் மென்மையாக்கி, நிறம் நீக்கிய அனிலின் நீலத்தில் ஊறவைத்து, புற ஊதா ஒளியில் பாருங்கள். குழாய்ச் சுவரின் கேலோஸ் ஒளிரும். குழாய் சூலகப்பை வரை இறங்கியும் சூலுக்குள் நுழையாமல் மேலே சுற்றித் திரிகிறதா என்று கவனியுங்கள். எல்ஏஆர்பி6சி என்ற ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் இல்லாத மகரந்தத்தின் குறை இந்த ரகம்தான், வழி தேடுவதில் தடுமாற்றம். 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி, முதிர்ந்த மகரந்தத்தில் இந்தப் புரதம் தன் இலக்கு எம்ஆர்என்ஏக்களோடு துகள்களில் கூடி இருந்து, எதைச் சேமிப்பது, எதைப் புரதமாக்குவது, எதைச் சிதைப்பது என்ற சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. வெளியே தெரியும் குறை குழாயின் திசையில், வேர் அதற்கு வெகு முன்னால் காய்ந்த மகரந்தத்தில்.

சேமிப்பா, உற்பத்தியா, சிதைவா

இப்போதுதான் மூலக்கூறு வேலை. ஆக்டினோமைசின்-டி, சைக்ளோஹெக்சிமைடு இரண்டையும் வெவ்வேறு அளவுகளில் ஊடகத்தில் கலந்து உங்கள் மகரந்தத்தில் பாருங்கள். ஆக்டினோமைசின் உள்ளே போய்ப் படியெடுப்பை உண்மையிலேயே நிறுத்தியது என்பதற்குத் தனிச் சான்று தேவை, இல்லாவிட்டால் 'பாதிக்கவில்லை' என்ற முடிவுக்கு மதிப்பில்லை. இரண்டுமே நச்சு, கழிவைத் தனியாகச் சேருங்கள்.

பிறகு ஒரு எம்ஆர்என்ஏவை எடுத்துக்கொண்டு மூன்றையும் அளக்க வேண்டும். மொத்த அளவு, ரைபோசோம் கூட்டங்களோடு இருக்கும் பங்கு, புரத அளவு. மொத்தம் மாறாமல் ரைபோசோம் பங்கு மட்டும் மாறினால் உங்கள் புரதம் சேமிப்புப் பூட்டு மாதிரி நடக்கிறது. மொத்தமே குறைந்தால் சிதைவைப் பாருங்கள்.

ஒளிரும் புரதத்தோடு இலக்கின் முன், பின் முனைகளை ஒட்டிச் சோதிப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மரபணுவை ஓடவைக்க வழக்கமாகப் போடும் 35எஸ் புரொமோட்டர் அரபிடாப்சிஸ் மகரந்தத்தில் வேலைக்காகாது. லாட்52 நன்றாக ஓடும், ஆனால் அதன் எம்ஆர்என்ஏவின் முன்முனையே முதிர்ந்த மகரந்தத்தில் புரத உற்பத்தியைத் தூக்கிவிடக்கூடியது. அந்த முன்முனையோடு சேர்ந்த லாட்52 வெக்டரில் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏவில்) உங்கள் இலக்கைப் போட்டால் நீங்கள் அளப்பது லாட்52இன் திறமையை.

இலக்குகளைப் பிடிப்பது

கிளிப் முறையில் புற ஊதா ஒளியால் புரதத்தையும் ஆர்என்ஏவையும் ஒட்டவைத்துப் பிரிக்கிறார்கள். அரபிடாப்சிஸில் ஜிஆர்பி7 புரதத்துக்கு முழுச்செடியில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. மகரந்தத்தில் சிக்கல் இரண்டு. தடித்த வெளியுறை ஒளியை மறிக்கும், பொருளும் மிகக் குறைவு. ஃபார்மால்டிஹைடு கொண்டு ஒட்டிப் பிரிப்பது சுலபம், ஆனால் கூட்டாளிப் புரதத்தின் ஆர்என்ஏவும் கூடவே வரும். ஹைப்பர்ட்ரைப் என்ற முறையில் உங்கள் புரதத்தோடு ஆர்என்ஏ எழுத்தைத் திருத்தும் நொதியை ஒட்டிவிட்டால், அது உட்கார்ந்த இடமெல்லாம் ஆர்என்ஏவில் தடம் பதியும். பொருள் குறைவாக இருக்கும் மகரந்தத்துக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

எந்த முறையானாலும் ஒரு ஒப்பீட்டுச் சோதனை தவறக் கூடாது. பிணைப்புப் பகுதியின் முக்கிய அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிய புரதத்தை அதே அளவில் பழுதான செடிக்குள் செலுத்துங்கள். சாதாரண வடிவம் வளத்தை மீட்டு, மாற்றியது மீட்காமல், இலக்கு ஆர்என்ஏவும் அதோடு வராமல் இருந்தால்தான் பிணைப்பே காரணம் என்று பேச முடியும்.

கருவுற்ற பிறகும் விடாதீர்கள்

மகரந்தம், குழாய், விந்து செல் எல்லாம் சரி, ஆனால் விதை மட்டும் கோணலாக இருக்கிறது என்றால்? விந்து செல் எம்ஆர்என்ஏவையும் கொண்டுவந்து இறக்கும். அரபிடாப்சிஸின் ஷார்ட் சஸ்பென்சர் மரபணுவில் 2009இல் இது தெரிந்தது. அதன் எம்ஆர்என்ஏ விந்து செல்லில் எழுதப்படுகிறது, புரதம் தோன்றுவதோ கருவுற்ற பின் சைகோட் என்ற முதல் கரு செல்லில். அந்தப் புரதம்தான் சைகோட் நீண்டு சஸ்பென்சர் என்ற தாங்கு தண்டு உருவாகத் தூண்டுகிறது. அதாவது விந்து செல்லில் அந்த எம்ஆர்என்ஏவைப் பேசாமல் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தாக வேண்டும்.

உங்கள் புரதமும் இந்த வகையா என்று பார்க்க, பழுதான மகரந்தத்தை நல்ல அம்மாவுக்குத் தடவி, சில நாளில் சூல்களைத் தெளிவாக்கும் கரைசலில் போட்டு இளங்கருக்களின் தாங்கு தண்டை அளந்து பாருங்கள். கருவில் அம்மா தந்த நல்ல பிரதி இருந்தும் குறை வருகிறது, மாற்றிச் செய்த கலப்பில் வருவதில்லை என்றால் தகப்பன் வழி விளைவு. அப்பா ஒரு பிரதி மட்டும் பழுதானவராக இருந்தால், கடத்தும் திறன் குறையாத நிலையில் கருக்களில் ஏறக்குறைய பாதியில்தான் குறை தெரியும். எனவே ஒரு காயை வைத்து முடிவு கட்டாமல் பல காய்களைச் சேர்த்து எண்ணுங்கள்.